தன் கையெழுத்தைத் தானே திரும்பப் பெற்ற தோர்டிஸ் நெஸ்வோல் அம்மையாருக்கு

வடகடல் ஓரத்தில் வாய்மைக்கு வாய்த்த வடிவே, மீனின் தசைக்குள் மறைந்து கிடக்கும் மெய்யை மெல்லக் கேட்டு மிகையின்றி உரைத்த மேன்மையே, முப்பத்தொரு ஆண்டுகள் எம்மோடு உழைத்து, எம் பிழைகளை ஓயாது திருத்தி, இன்று விடைபெற்றுச் செல்லும் எங்கள் தோர்டிஸ் நெஸ்வோல் அம்மையீர், மீன்தசை ஆய்வகத்தார் அனைவரின் அன்பும் வணக்கமும் உங்களுக்கு உரியன.

நீங்கள் படித்துப் பார்க்காமல் இந்த ஆய்வகத்திலிருந்து வெளியே போகும் முதல் தாள் இதுவாகத்தான் இருக்கும். எழுதி முடித்ததும் வழக்கம்போல உங்கள் மேசைக்கு எடுத்துச் செல்லக் கால்கள் எழுந்தன. பாதி வழியில் நின்று திரும்பினேன். ஆகவே இதில் காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும், எண் ஒன்று பிசகியிருந்தாலும், பிழை முழுவதும் மாதிரிகளைப் பெற்றுப் பதியும் பிரிவைச் சேர்ந்த ஓட்கெயிர் ஆகிய என்னுடையதே. எல்லோர் சார்பிலும் எழுதி இந்த அவையில் வாசிக்கும் பணியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு, அது வரும்.

நீங்கள் பணியில் சேர்ந்த நாளில் இந்தத் துறைமுகத்தில் மீனைச் சோதிக்க இருந்த கருவிகள் கண்ணும் மூக்கும் கட்டைவிரலும்தான். ஐந்தாம் ஆண்டில் இரண்டு ஆள் உயரக் காந்தம் பாரந்தூக்கியில் தொங்கியபடி வந்து இறங்கியது. மிளகளவு மீன்தசையை, அரைக்காமல், கரைக்காமல், ஒரு சிறு குழலில் அடைத்து, சாய்த்து, நொடிக்குப் பல்லாயிரம் முறை சுழலவிட்டால், அத்தசைக்குள் உள்ள கொழுப்பும் உப்பும் புளிப்பும் தத்தம் இடத்தில் முகடு முகடாகத் திரையில் எழும் என்று நீங்கள் விளக்கினீர்கள். காந்த ஒத்ததிர்வு நிறமாலை என்ற அந்த நீண்ட பெயரைக் கேட்டுப் படகுக்காரர்கள் சிரித்தார்கள்.

“மீன் என்ன ஆணியா, காந்தத்துல போய் ஒட்டிக்கிறதுக்கு?” என்று ஒருவர் வாசலில் நின்று கேட்டார்.

“மீன் ஒட்டாது. உள்ள வாங்க, உங்க பெல்ட்டு ஒட்டும்,” என்றீர்கள்.

அவர் இரண்டடி பின்னால் போனதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்று சிரித்தவர்களே பின்னாளில் மீனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆற்றில் பிடிபட்ட சால்மன் இயல்பாய் வளர்ந்ததா, பண்ணை வலைக்கூண்டிலிருந்து தப்பியதா என்பதை அதன் கொழுப்பின் முகடுகளில் படித்துச் சொன்னீர்கள். இறாலின் தசையில், நண்டின் காலில், காட் மீனின் ஈரலில் உங்கள் கண் படாத இடமில்லை. செவ்வாய்தோறும் காந்தத்தின் தொண்டைக்குள் நீர்ம நைட்ரஜனை ஊற்றும் வேலையை முப்பது வயதுக்காரர்களிடம் விடாமல் அறுபத்தேழு வயது வரை நீங்களே செய்தீர்கள். குளிர்காலத்தில் சூரியன் எழாத வாரங்களிலும் எங்களுக்கு முன்பே வந்தீர்கள். பெயர்ச்சீட்டில் தேதி விடுபட்ட மாதிரியைக் கொண்டுவந்தவர் தலைமை இயக்குநரே ஆனாலும் திருப்பி அனுப்பினீர்கள். பொறுமையில் பெருங்கடல், பிழையில் மட்டும் பெரும்பிடிவாதம். இவற்றையெல்லாம் எந்தப் பாராட்டு மடலும் சொல்லும். நாங்கள் சொல்ல விரும்புவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை.

அந்த ஆண்டு மார்ச் மாதம், லோஃபோத்தன் தீவுகளில் முட்டையிட வரும் குளிர்காலக் காட் மீனின் பருவம் முடியும் வேளை. ரோய்ஸ்விக் என்ற சிற்றூரில் எய்லிஃப் மூர்வாங் என்பவர் ஒரு மீன் கொள்முதல் நிலையம் நடத்திவந்தார். பதினான்கு பேருக்கு அங்கே வேலை. படகுகள் காலையில் இறக்கும் மீனை மதியத்துக்குள் பனிக்கட்டியில் அடுக்கித் தெற்கே அனுப்புவது அவர் தொழில். அவரிடம் வாங்கிவந்த நிறுவனத்துக்கு ஓர் ஐயம் வந்தது: சதை தளர்ந்திருக்கிறது, உறையவைத்துப் பின் இளக்கிய பழைய மீனைப் புது மீன் என்று அனுப்புகிறாரோ? ஐயத்தைத் தீர்த்துத் தரும்படி மாதிரிகளை நம்மிடம் அனுப்பினார்கள்.

நமக்கு அது தெரிந்த வேலை. காட் மீன் கெட்டுப்போனால் ஓரிடத்தில் ஒரு முகடு எழும்; உறைந்து கிடந்திருந்தால் அதன் அருகே இன்னொரு முகடு எழும். அந்த இரண்டாம் முகடு, உறைந்த தசை மெல்ல மெல்லத் தனக்குள் செய்துகொள்ளும் ஒரு பொருளுடையது. சுழியத்துக்குக் கீழே எண்பது டிகிரி உறைகுளிரில் வைத்தால் தசையில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுவிடும். பத்து டிகிரி உறைகுளிர் என்றால் நாள்தோறும் நடந்துகொண்டே இருக்கும். ஆகவே மாதிரி வந்ததும் ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் போக வேண்டும் என்பது விதி.

மாதிரிகள் வந்தது ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஒப்பீட்டுக்காக நீங்கள் அன்று காலை துறைமுகத் தளத்தில் நின்று தூண்டிலில் பிடித்த ஒரு காட் மீனின் துண்டுகளையும் அதே மாதிரிப் பெட்டியில் வைத்து என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள். ஆய்வு ஏப்ரல் நடுவில் நடந்தது. எய்லிஃபின் மீனில் இரண்டாம் முகடு தெளிவாக எழுந்து நின்றது. வாங்கிய நிறுவனம் நாள்தோறும் தொலைபேசியில் அவசரப்படுத்தியது. உங்கள் ஒப்பீட்டு மீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, ‘முன்பு உறைய வைக்கப்பட்ட மீன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள்.

நான்கு நாள் கழித்து எய்லிஃப் அழைத்தார். தொலைபேசியை எடுத்தவன் நான். ஒலிபெருக்கியில் போடச் சொன்னீர்கள்.

“நெஸ்வோல் அம்மாதானே? எங்க கட்டடத்துல ஃப்ரீசரே கெடையாதும்மா. ஐஸ் மட்டுந்தான் இருக்கு. ஆள் அனுப்பிப் பாத்துக்கோங்க. இல்லாத ஃப்ரீசர்ல மீன எப்பிடிங்க உறைய வைக்கிறது?”

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது, மூர்வாங். ஆனா கருவி பொய் சொல்லாது.”

எய்லிஃப் தொலைபேசியை வைத்துவிட்டார். மே மாதம் அந்த நிறுவனம் விலகியது. படகுகள் வேறு துறைக்குப் போயின. நிலையத்தின் கதவு சாத்தப்பட்டது.

ஆகஸ்டில் ஒரு பிற்பகல், மிச்சமிருந்த மாதிரிகளைத் தீர்க்கலாம் என்று உங்கள் ஒப்பீட்டு மீனைக் காந்தத்தில் இட்டீர்கள். உங்கள் கையால் பிடித்து, உங்கள் கத்தியால் அறுத்து, அரை மணிக்குள் கொண்டுவந்த மீன். அதிலும் அதே முகடு, அதே உயரத்தில் எழுந்தது. மூன்று முறை அளந்தீர்கள். பிறகு பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினீர்கள்.

“ஈஸ்டர் லீவுல இந்தப் பெட்டி எங்க இருந்துச்சு?”

“ஆழ்குளிர்ப் பெட்டியில. எழுதியிருக்கே,” என்றேன்.

“எழுதியிருக்கறத நானும் படிச்சேன். எங்க இருந்துச்சுன்னு கேக்குறேன்.”

இந்த மடலை எழுதும் பணியை நான் கேட்டு வாங்கியதற்கான காரணம் இதோ வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமை ஆழ்குளிர்ப் பெட்டியின் கதவில் பனி கட்டியிருந்தது. சுரண்டி எடுக்கும்வரை மாதிரிப் பெட்டியை என் அறையில் கதவு சரியாக மூடாத, பத்து டிகிரி உறைகுளிர் மட்டுமே உள்ள சின்ன உறைபெட்டியில் வைத்தேன். வெளியே காரில் குடும்பம் மலைக்குடிலுக்குப் போகக் காத்திருந்தது. வைத்ததை மறந்து கிளம்பினேன். விடுமுறையோடு என் விடுப்பையும் சேர்த்துப் பத்தொன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தபோது பெட்டி அங்கேயே இருந்தது. அதை எடுத்து ஆழ்குளிரில் வைத்தேன். பதிவேட்டில் முதல் நாளிலிருந்தே அது அங்கே இருந்ததாக எழுதினேன். விட்டுச் சென்றது மறதி. எழுதியது மறதி அல்ல.

உங்களிடம் அன்று அப்படியே சொன்னேன்.

“ஏன் எழுதல?”

“பயந்துட்டேன்.”

“எதுக்கு?”

“உங்களுக்குத்தான்.”

நீங்கள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தீர்கள். கோபப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் வேறு எதுவோ இருந்தது. “என்கிட்ட சொல்லப் பயப்படுற மாதிரி நான் நடந்துக்கிட்டிருக்கேன்,” என்று மேசையைப் பார்த்துச் சொன்னீர்கள். பிறகு எழுந்து தலைவர் ஹால்வோரின் அறைக்குப் போனீர்கள். என்னையும் வரச் சொன்னீர்கள்.

ஹால்வோர் கெட்டவர் அல்லர். இன்று அவர் நம்மிடையே இல்லை. இருந்திருந்தால் நான் எழுதுவதை மறுக்கமாட்டார். அவர் சொன்னது நியாயம் போலவே இருந்தது. “உடனே ஏன்? மறுபடி ஒரு வரிசை அளந்து பாருங்க. கிறிஸ்துமஸுக்குள்ள பக்குவமா ஒரு கடிதம் போடலாம். இப்ப சொன்னா, நாம குடுத்த அத்தனை ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க, தோர்டிஸ்.”

“படட்டும். அந்த ஆளோட கதவு சாத்தியிருக்கு, ஹால்வோர். நம்ம கதவு திறந்திருக்கு.”

அன்று மாலையே அறிக்கையைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினீர்கள். நிறுவனத்துக்கு ஒன்று, தரச்சான்று வழங்கும் அமைப்புக்கு ஒன்று, மீனவர் செய்தித்தாளுக்கு ஒன்று. மூன்றிலும் ஒரே வாசகம்: ‘மாதிரி எங்கள் ஆய்வகத்தில் தவறான குளிரில் வைக்கப்பட்டிருந்தது. அதைச் சரிபார்க்காமல் நான் கையெழுத்திட்டேன்.’ கீழே உங்கள் பெயர். என் பெயர் எங்கும் இல்லை.

எய்லிஃபுக்கு மட்டும் கடிதம் எழுதவில்லை. மறுநாள் காலை காரை எடுத்தீர்கள். என்னை வா என்று சொல்லவில்லை. நானே மேலங்கியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். படகுத்துறையில் காரோடு படகேறினோம்.

ரோய்ஸ்விக்கில் வெறும் கட்டடத்துக்குள் எய்லிஃப் தரையைக் கழுவும் குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விற்கப்போகிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நீங்கள் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

“ஓ. கருவி பொய் சொல்லாதுன்னு சொன்ன அம்மா.”

“ஆமா. கருவி பொய் சொல்லல. அது உங்க மீனப் பத்திச் சொல்லல, எங்க பெட்டியப் பத்திச் சொல்லிச்சு. எனக்குத்தான் கேக்கத் தெரியல.”

நடந்ததை முதலிலிருந்து சொன்னீர்கள். எந்த நாள், எத்தனை டிகிரி, எந்த முகடு. ஒன்றையும் மெருகேற்றவில்லை. அவர் குழாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு பேசத் தொடங்கினார். அவர் மனைவி ஏப்ரலிலிருந்து ஊர்க் கடைக்குப் போவதில்லை; முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாமான் வாங்குகிறார். இருபத்திரண்டு ஆண்டு கூட வேலை பார்த்தவர் ஒருவர், “உள்ளதச் சொல்லு எய்லிஃப், எங்க வாங்குன அந்த மீன?” என்று கேட்டிருக்கிறார். இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். நீங்களும் குறுக்கே ஒரு சொல் பேசவில்லை.

கடைசியில் அவர் கேட்டார்: “யாரு அத அந்தப் பெட்டியில வச்சது?”

நான் தரையைப் பார்த்தேன்.

“ரிப்போர்ட்ல இருக்கறது என் கையெழுத்து, மூர்வாங்,” என்றீர்கள்.

திரும்பி வரும் வழியில், படகில், நான் கேட்டேன்: “ஏன் என் பேரச் சொல்லல?”

“உன் பேரச் சொன்னா எல்லாரும் உன்னப் பாப்பாங்க. பெட்டிய யாரும் பாக்கமாட்டாங்க. நீ வச்ச, அது தப்பு. மாத்தி எழுதின, அது அதவிடத் தப்பு. ஆனா ஃப்ரீசர் இல்லன்னு ஒரு மனுஷன் ஃபோன்ல கெஞ்சும்போது, ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிக்காம பதில் சொன்னது நான். அது உன் கணக்குல வராது.”

பதினான்கு மாதம் உங்கள் கையெழுத்திடும் உரிமையை நிறுத்திவைத்தார்கள். உங்களுக்கு வரவிருந்த பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் குழல்களைக் கழுவினீர்கள். மற்றவர்கள் கையெழுத்திட உட்கார்ந்து கற்றுக்கொடுத்தீர்கள். ஒவ்வொரு மாதிரிப் பெட்டிக்குள்ளும் அதன் குளிரைத் தானே பதிந்துகொள்ளும் விரலளவு கருவியைப் போட வைத்தீர்கள். ஒப்பீட்டு மீனை அளக்காமல் எந்த அறிக்கையும் போகாது என்ற விதியும் அப்போது வந்ததுதான். நானும் மாறினேன். ஏதாவது தவறினால் அன்றைக்கே உங்கள் கதவைத் தட்டினேன். நீங்கள் ஒவ்வொரு முறையும், “சரி, உக்காரு,” என்றுதான் தொடங்கினீர்கள்.

விலகிய நிறுவனம் இரண்டு வரியில் நன்றி சொல்லி எழுதியது, திரும்பி வரவில்லை. ஆனால் செய்தித்தாளில் உங்கள் கடிதத்தைப் படித்த மேற்குக் கரை வணிகர் ஒருவர் அடுத்த சனவரியில் எய்லிஃபைத் தேடிப் போனார். பிப்ரவரியில் கதவு திறந்தது. பதினான்கு பேரில் ஒன்பது பேர் திரும்பினார்கள். ஐவர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். அவர்களை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. அதை நீங்கள் ஒருநாளும் மறந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவையோரே, பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த ஆய்வகத்தில் இக்கதை ‘தோர்டிஸ் செய்த பிழை’ என்றே சொல்லப்படுகிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்துகிறோம். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் கூடி வாஃபிள் அப்பம் உண்ணும் வேளையில் நம் சக பணியாளர் ஒருவர், மதிப்போடுதான், “தோர்டிஸே ஒரு தடவ சாம்பிள மாத்தி வச்சுட்டாங்களாம், நாமெல்லாம் எம்மாத்திரம்,” என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நான் என் வாஃபிளுக்குப் பழக்கூழ் தடவிக்கொண்டிருந்தேன். அம்மையார் எனக்காக அமைதி காத்தது பெருந்தன்மை. நான் அதற்குள் பன்னிரண்டு ஆண்டு வசதியாகக் குடியிருந்தது பெருந்தன்மை அல்ல.

சென்ற வாரம் முதலில் எய்லிஃபை அழைத்தேன். அவருக்கு இப்போது எழுபத்தைந்து வயது. சொன்னேன்.

“தெரியும்,” என்றார்.

“எப்பிடித் தெரியும்?”

“அவங்க பேசும்போது என் கண்ணப் பாத்துப் பேசுனாங்க. நீ தரையவே பாத்துக்கிட்டு நின்ன. அப்பறம் என்ன தெரியறதுக்கு இருக்கு?”

பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று கேட்டேன்.

“எழுது. ஆனா ஒண்ண விட்டுடாத. அந்த அம்மாவ நான் உக்காரச் சொல்லல. முக்கா மணி நேரம் ஈரத்தரையில நிக்க வச்சேன். காப்பி ஃபிளாஸ்க்குல இருந்துச்சு, எடுத்து ஊத்தல. அவங்க கிளம்பறேன்னும் சொல்லல. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நின்னாங்க. அதையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

நேற்று இம்மடலைக் கையெழுத்துக்காகச் சக பணியாளர்களிடம் வைத்தேன். படிக்காமல் யாரும் ஒப்பமிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். படித்தார்கள். ஒருவர் ஒப்பமிட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தாளைத் திருப்பித் தந்தார். ஒருவர், “இத அப்பவே சொல்லியிருக்கணும்,” என்றார். ஆம் என்றேன். பதினோரு பேரும் ஒப்பமிட்டார்கள்.

அன்பிற்குரிய அம்மையீர், முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் நீங்கள் இந்நேரம் எழுந்து ஏதோ மறுத்துச் சொல்ல முனைந்திருப்பீர்கள். அமருங்கள். இது எங்கள் அறிக்கை.

அறிவால் உயர்ந்தோரைப் பலர் அறிவர். அறிந்ததையே ஐயுற்று, ஐயுற்றதை ஊரறிய உரைத்து, உரைத்ததன் சுமையைத் தானே சுமந்தவரை நாங்கள் அருகிருந்து அறிந்தோம் என்பதே எங்கள் பேறு. உங்கள் கண்ணொளி குன்றாதிருக்கட்டும், கைவிரல் நடுங்காதிருக்கட்டும், நோயும் நொடியும் நும் வாசல் அறியாதிருக்கட்டும். வரும் குளிர்காலத்தில் உங்கள் சிறு படகில் நீங்கள் பிடிக்கும் முதல் காட் மீனில் ஒரு துண்டையும் யாருக்காகவும் அறுத்தெடுக்க வேண்டாம். எந்தக் குழலிலும் அடைக்க வேண்டாம். ஈரலோடும் சினையோடும் உருளைக்கிழங்கோடும் வேகவைத்து, ஆவி பறக்க, அளக்காமல் உண்ணும் நெடுநாள்கள் உங்களுக்கு வாய்க்கட்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
மாதிரிகளைப் பெற்றுப் பதியும் ஓட்கெயிர் பிரெக்கான்
மற்றும் இம்மடலைப் படித்து ஒப்பமிட்ட பதினோரு பணியாளர்கள்